இரண்டு பொட்டலமும் சிவப்பு

என் குறிப்பேட்டில் ஆடி இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை என்ற தலைப்பின் கீழ் இப்படி இருக்கிறது: “காலை 7.10. மதகடி அம்மன் கோயில். பூக்கட்டிப் பார்த்தது. வந்தது சிவப்பு. எடுத்தது நான். வானம் மூட்டம்.” அதற்குக் கீழே, அன்று மாலை எழுதிய ஒரே வரி: “மற்றப் பொட்டலமும் சிவப்பு.”

அந்த வரியை எழுதிவிட்டுப் பன்னிரண்டு நாள் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இரண்டரை மாதம் கழித்து இதை எழுத உட்காரும்போது, ஊசிப்போன சோற்றுப் பானையைத் திறந்ததுபோல் நாற்றம் வருகிறது. அந்த நாற்றத்தில் என் பங்கும் உண்டு என்பதால்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்தைச் செய்யலாமா விட்டுவிடலாமா என்று முடிவெடுக்க முடியாதபோது, சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு வாழையிலைத் துண்டில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ. இரண்டையும் ஒரே அளவில் மடித்து நாரால் கட்டி, குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். அன்று போட்ட கணக்கு, சிவப்பு வந்தால் செய்வது, வெள்ளை வந்தால் விடுவது. கேட்ட கேள்வி, என் தங்கையின் மகள் தன் அண்ணனுக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்கலாமா என்பது.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய ஊர் தங்கையுடையது. கணவர் இல்லை. மூத்த மகன் நிலத்தைப் பார்க்கிறான். மனைவி, இரண்டு பிள்ளைகள். இளைய மகன் சிங்கப்பூரில். நடுவில் ஒரு மகள், முப்பத்தொன்பது வயது. நன்னிலத்தில் வாழ்க்கைப்பட்டு, மூன்றாம் வருடமே திரும்பி வந்தவள். வந்து பதினான்கு வருடம் ஆகிறது. ரவிக்கை தைப்பாள். மீதி நேரத்தில் கைப்பேசிச் செயலி ஒன்றில் தொடர்கதை எழுதுவாள்.

அந்தத் தொடர்கதையை நான் ஒரு அத்தியாயம் விடாமல் படித்திருக்கிறேன். ஏழு மதகுகள் உள்ள ஒரு நாடு. ஆறுதான் அங்கே அரசன், எதிரி, எல்லாம். கரை உடையும்போது ஒருவர் தன் உயிரைத் தானே அந்த உடைப்பில் கொடுத்தால், அந்த இடத்தில் ஒரு காப்பு எழும்பி நிற்கும். அதற்குப் பிறகு எவ்வளவு வெள்ளம் வந்தாலும் அந்தக் கரைக்கு உள்ளே ஒரு சொட்டு இறங்காது. இந்த விதியை முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிட்டாள். எங்கிருந்து எடுத்தாள் என்பது எங்கள் ஊர்க்காரர் எல்லோருக்கும் தெரியும். மதகடி அம்மன் கதையும் அதுதான். எப்போதோ ஒரு வெள்ளத்தில், கொட்டிய மண்ணெல்லாம் கரைந்து போனபோது, ஒரு வீட்டுப் பெண் தானாகப் போய் உடைப்பில் படுத்தாள், அவள்மேல் மண்ணைப் போட்டார்கள், கரை நின்றது என்பார்கள்.

மூத்தவனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தது சித்திரையில் தெரிந்தது. வைகாசியிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் தஞ்சாவூரில் டயாலிசிஸ். கூடப் போவது தங்கை மகள். நான் தஞ்சாவூரிலேயே இருப்பதால் கேண்டீனுக்கு வந்துவிடுவேன். அவன் உள்ளே இயந்திரத்தோடு படுத்திருக்கும் நான்கு மணி நேரமும் நாங்கள் இருவரும் வெளியே. ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அங்கே நடந்த பேச்சை அன்றே எழுதி வைத்திருக்கிறேன்.

“நாப்பத்தியொண்ணாவது அத்தியாயத்துக்கு எரநூறு கமெண்டுக்கு மேல வந்துருச்சு மாமா. சண்டை போட்டுக்கறாங்க.”

“அதுக்கு முந்தின அத்தியாயத்துல அமாவாசை கழிஞ்ச மூணாம் நாளே பௌர்ணமி வச்சிருந்தே. அதைப் பத்தி ஒருத்தரும் கேக்கலையா?”

“அந்த நாட்டுல ரெண்டு நிலா மாமா.”

“போன வாரம் வரைக்கும் ஒண்ணுதானே இருந்துச்சு?”

“நீங்க போன் பண்ணிக் கேட்டதுக்கப்புறம் ரெண்டாயிருச்சு.”

சண்டை எதைப் பற்றி என்றால், அந்த அத்தியாயத்தில் கதாநாயகி உடைப்பில் படுக்கிறாள். ஊர்மேல் உள்ள பாசத்தில் இல்லை. கணவன் இரண்டாவதாக ஒருத்தியைக் கூட்டி வந்துவிட்டான். இனி நீ வெள்ளிக்கு வெள்ளி, சாமியாகிவிட்ட என் காலில் வந்து விழுந்துதான் ஆகவேண்டும் என்று நினைத்துக்கொண்டே படுக்கிறாள். காப்பு எழும்பி நிற்கிறது. ஒரு வாசகர் கேட்டிருந்தார்: வன்மத்தோடு செத்தவளின் காப்பு எப்படி நிற்கும்? மனதில் அன்பு இருந்தால்தானே மந்திரம் பலிக்கும்? பாதிப் பேர் அவர் பக்கம். மீதிப் பேர், உயிர் போனது போனதுதானே, ஆறு என்ன மனதைப் பிளந்தா பார்க்கிறது என்றார்கள்.

எனக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. இந்த மாதிரிக் கதைகள், நம்முடையதும் மொழிபெயர்ப்பில் வந்ததும், நிறையப் படித்தவன் நான். வாசலில் ஒருவன் நின்று வெட்டுப்படுவான். அவன் விழுந்த இடத்தைத் தாண்டி எதிரி காலெடுத்து வைக்கமுடியாது. கேட்டால் அன்பின் வலிமை என்று முடித்துவிடுவார்கள். ஓடிப்போனால் ஊர் காறித் துப்பும் என்ற பயத்தில் அவன் நின்றிருந்தால்? கடன்காரர் தொல்லை தாங்காமல் எப்படியாவது செத்தால் போதும் என்று நின்றிருந்தால்? அதைக் கதை சொல்பவர் தொடமாட்டார். தொட்டால் மந்திரம் கெட்டுவிடும் என்று பயம்.

நான் முப்பத்தொரு வருடம் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். அந்தப் புத்தியில்தான் பதில் சொன்னேன். “எங்க ஆபீஸ்ல, குடுக்கறவன் ஏன் குடுக்கறான்னு நாங்க கேக்கறதில்ல. பாசத்துல எழுதிக் குடுத்தாலும் பத்திரம் செல்லும். பங்காளி மேல உள்ள கடுப்புல எழுதிக் குடுத்தாலும் செல்லும். மெரட்டி வாங்கினா மட்டும்தான் செல்லாது. அதைத்தான் கேப்போம், சம்மதமான்னு.”

“கேப்பீங்களா?”

“கேக்காம எப்படி?”

“என்னையும் கேட்டீங்க மாமா.”

கேட்டிருந்தேன். எங்கள் வட்டாரத்தில் பெண் பிள்ளைகள் பிறந்த வீட்டு நிலத்தில் தங்கள் பாகத்தை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரங்களை நான் எத்தனை பதிந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவளுடையதும் அதில் ஒன்று. அவள் திரும்பி வந்த மறு வருடம் தை மாதம். பின்னால் தங்கை நின்றாள், பக்கத்தில் மூத்தவன். சம்மதமா என்று கேட்டேன். தலையாட்டினாள். அடுத்த பத்திரத்தை எடுத்தேன்.

“அன்னிக்கு இல்லைன்னு சொல்லிட்டு நான் எங்க மாமா போயிருப்பேன்? சாயங்காலம் அதே வீட்டுக்குத்தானே சோத்துக்குத் திரும்பணும்?” ஆறிப்போன டீயின் ஏட்டை விரலால் எடுத்து ஓரமாகத் தேய்த்தாள். “அதனால நான் விதியக் கொஞ்சம் மாத்தி வைக்கப்போறேன். காரணம் எது வேணா இருக்கட்டும். பாசமோ, வன்மமோ, பேரு கெடைக்கணுங்கற ஆசையோ, எதுவா இருந்தாலும் காப்பு நிக்கும். ஆனா அவ எந்திரிச்சுப் போறதுக்கு ஒரு வழி தொறந்து இருக்கணும். வழியெல்லாம் அடைச்சுட்டுப் படுக்க வச்சா அது பலியே கெடையாது. நாலு நாள்ல மண்ணு கரைஞ்சுரும்.”

“அப்போ மதகடி அம்மன்? தானாப் போய்ப் படுத்தான்னுதானே சொல்றாங்க?”

“படுத்தவ வந்து சொல்லலையே மாமா. மண்ணு போட்டவங்கதானே சொல்றாங்க.”

அன்று சிரித்தேன். நல்ல வரி, கதையில் வை என்றும் சொன்னேன்.

சிறுநீரகம் மாற்றினால் மூத்தவன் பிழைப்பான் என்று மருத்துவர்கள் சொன்னது ஆனி கடைசியில். வீட்டில் யார் கொடுப்பது என்ற பேச்சு வந்த நாளில் நான் இருந்தேன். பேச்சு என்று சொல்வதே தவறு. ஒவ்வொரு பேராக எடுத்து ஒதுக்கி வைத்தார்கள். தங்கைக்குச் சர்க்கரை. மூத்தவன் மனைவிக்கு ரத்தப் பரிசோதனையே எடுக்கவில்லை. இரண்டு பிள்ளைகளின் தாய் என்றார்கள். சிங்கப்பூர்க்காரன் வேலைக்குப் போகிற பையன். எல்லோரையும் எடுத்து வைத்தபின் தட்டில் மிஞ்சியது ஒருத்திதான். தங்கை கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

“அவளுக்கென்ன. புள்ளையா குட்டியா.”

அவள் அந்தக் கூடத்தில்தான், தையல் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் தம்பி வந்தான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. “அக்கா, நீ மனுஷியே இல்லக்கா. தெய்வம்.”

“தெய்வத்துக்கிட்ட ஒண்ணு வாங்கினாப் போதுமாடா, ரெண்டும் வேணுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சம்மதித்துவிட்டாள் என்று அந்தச் சிரிப்பிலேயே முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் அவள் சொன்னது, “யோசிச்சுச் சொல்றேன்” என்றுதான். அதையேதான் அடுத்த வாரமும் சொன்னாள். அதற்கடுத்த வாரமும் சொன்னாள். தங்கை எனக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. தாய்மாமன் சொன்னாத் தட்டமாட்டா.”

“அவ ஒடம்பு. அவதான் சொல்லணும்.”

“யோசிக்கறதுக்கு இதுல என்னண்ணே இருக்கு? அங்க அவன் நாளுக்கு நாள் கரைஞ்சுக்கிட்டு இருக்கான். சரி, நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்லலை. ஆத்தாகிட்டயே கேட்டுருவோம். பொட்டலத்த எடுக்க மட்டும் வந்துருங்க. மாமன் எடுத்தாத்தான் மொறை.”

இதுதான் என்னை வீழ்த்தியது. எனக்கு நம்பிக்கை இல்லை என்றாலும், பூ எந்த வீட்டாருக்கும் சார்பில்லாதது, இரண்டில் ஒன்று, அவளுக்கு வெள்ளையும் வரலாம் என்று என்னையே ஏய்த்துக்கொண்டேன்.

ஆடி வெள்ளி. கோயிலில் கூழ் காய்ச்சும் கூட்டம். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் பீடத்தின் முன் உருட்டிப் போட்டார். நான் ஒன்றை எடுத்தேன். பிரித்தார். செவ்வரளி. தங்கை தரையோடு விழுந்து அழுதாள், “ஆத்தா சொல்லிட்டா, ஆத்தா சொல்லிட்டா” என்று. மூத்தவன் மனைவி பிள்ளைகளைப் பிடித்து அத்தை காலில் விழவைத்தாள். பூசாரி மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமல், வாடிய மாலைகளோடு கோயில் பின்னால் இருந்த கூடையில் போட்டார்.

நான் அங்கே போனது எந்தச் சந்தேகத்தாலும் இல்லை. குறிப்பேட்டில் எழுதும்போது வெள்ளைப் பூ என்ன பூ என்று எழுதவேண்டும். நந்தியாவட்டையா, வெள்ளரளியா? விட்டுப்போனால் எனக்கு உறுத்தும். அந்தப் பாழும் பழக்கத்தில் கூடையைக் கிளறிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். உள்ளே ஐந்து செவ்வரளி.

எனக்கு முதலில் தோன்றியது, பிரித்ததைத்தான் மறுபடி பிரித்துவிட்டேனோ என்று. அதற்காக முன்பக்கம் வந்து பீடத்தைப் பார்த்தேன். என் கையால் எடுத்த ஐந்தும் அங்கே அப்படியே இருந்தன. தங்கை எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த அழுகையும் பொய்யில்லை என்பதுதான் எனக்கு இன்னும் அருவருப்பு. தானே ஏமாற்றி வைத்துவிட்டு, சாமி சொல்லிவிட்டது என்று தானே உருகி அழ முடிந்திருக்கிறது.

நான் ஏன் அந்த இடத்திலேயே பொட்டலத்தைத் தூக்கிக் காட்டவில்லை என்பதற்குப் பல காரணங்களை எழுதி எழுதி அடித்திருக்கிறேன். தங்கையைக் கூட்டத்தில் அசிங்கப்படுத்த மனமில்லை என்பது ஒன்று. மூத்தவன் நாக்கு வறண்டு, அளந்த தண்ணீரை மிடறு மிடறாகக் குடிப்பதைப் பார்த்தவன் நான். அவன் பிழைக்கவேண்டும் என்று எனக்கும் ஆசை என்பது இன்னொன்று. இரண்டாவது உண்மை. ஆனால் அந்த உண்மையை மூடுதுணியாகப் போர்த்திக்கொண்டு, எனக்கு வசதியான மௌனத்தை அதற்குள் பத்திரமாக வைத்துக்கொண்டேன். காரணம் நல்லதாக இருந்ததால் செய்தது சுத்தமாகிவிடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து அவளுக்கு முதல் பந்தி. பதினான்கு வருடம் எல்லோரும் சாப்பிட்டபின் பாத்திரத்தைச் சுரண்டிச் சாப்பிட்டவள். இப்போது காலையில் பால், பேரீச்சம்பழம், வாரம் இரண்டு முறை ஆட்டு ஈரல். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னும் ரெண்டு வாய்” என்று ஊட்டாத குறையாகப் போடுவாள். நேர்ந்துவிட்ட கிடாவுக்குத் தழை ஒடித்துப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தில் இருக்கும் அதே கனிவு.

தெருவிலிருந்து பெண்கள் பார்க்க வந்தார்கள். ஒருத்தி குங்குமச் சிமிழோடு வந்து அவள் காலில் பொட்டு வைக்கப்போனாள். காலை இழுத்துக்கொண்டு சொன்னாள்:

“இன்னும் வெட்டலை அத்தை. அவசரப்படாதீங்க.”

அந்த அத்தை அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “பாத்தியா, என்னா பக்குவமாப் பேசுறா!” இன்னொருத்தி அவளைத் தோளோடு அணைத்துப் படம் எடுத்து, தியாகத் திருவுரு என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினாள். எனக்கும் வந்தது. அந்தப் படத்தில் அவள் கண் நேராகக் கேமராவைப் பார்க்கிறது. நான் உடனே அழித்துவிட்டேன்.

அழித்த கையோடு கோப்பு தயார் செய்தேன் என்பதையும் எழுதவேண்டும். உடன்பிறந்தவர்கள் என்பதற்கு வட்டாட்சியர் அலுவலகச் சான்று, பிறப்புச் சான்றுகள், குடும்ப அட்டை நகல், சிறு வயதில் மூவரும் சேர்ந்து எடுத்த படம், இதுவரை எடுத்த பரிசோதனை முடிவுகள் எல்லாம் தேதி வரிசையில். முதல் பக்கத்தில் அட்டவணை. திருச்சியில் மாற்று அறுவை செய்யும் மருத்துவமனையில் கோப்பை வாங்கிய பெண்மணி, இவ்வளவு சுத்தமாக யாரும் கொண்டு வந்ததில்லை என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை நினைத்தால் இப்போது துப்பவேண்டும்போல் இருக்கிறது.

அறுவைக்கு முன் ஒரு குழு, கொடுப்பவரை உட்காரவைத்து விசாரிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஏன் கொடுக்கிறீர்கள், யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்பார்களாம். அதற்கு வீட்டில் ஒத்திகை நடந்தது. ஆவணி இரண்டு, செவ்வாய். டயாலிசிஸ் முடிந்து வந்த மூத்தவன் கட்டிலில் படுத்திருந்தான். தங்கை நாற்காலியில் உட்கார்ந்து குழுவாக மாறினாள்.

“ஏம்மா உங்க அண்ணனுக்குக் குடுக்குறீங்க?”

“அம்மா குடுக்கச் சொன்னாங்க சார்.”

“அடிப் பாவி, வெளையாடாதடி. அவன் உசுரு இதுல இருக்கு.”

மூத்தவன் மனைவி குறுக்கே வந்தாள். “பாசத்துலன்னு சொல்லும்மா. அண்ணன்னா எனக்கு உசுருன்னு. கொஞ்சம் சிரிச்ச மொகமாச் சொல்லு. வீடியோ எடுப்பாங்களாம்.”

“அண்ணன்னா எனக்கு உசுருங்க சார்.”

“இதே மாதிரி சொல்லு. ஆனா பல்லக் கடிக்காமச் சொல்லு.”

கதைக்குக் கேள்வி கேட்ட வாசகர் நினைவுக்கு வந்தார். மனதில் அன்பு இருந்தால்தானே மந்திரம் பலிக்கும் என்றாரே. இங்கே அந்த அன்பை வெளியிலிருந்து செய்து, அளவு பார்த்து, அவள் வாயில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்தேன்? பிறந்த தேதியைக் கேட்டால் சான்றில் இருப்பதையே சொல், பள்ளியில் கொடுத்ததைச் சொல்லிவிடாதே என்று திருத்தினேன்.

வெளியே வரும்போது மூத்தவன் என் கையைப் பிடித்தான். ஊசி ஏற்ற வசதியாக நரம்பைப் புடைக்க வைத்த அவன் முன்கை, உள்ளே ஏதோ ஓடுவதுபோல் அதிர்ந்துகொண்டிருந்தது. “அவகிட்ட குடுன்னு கேக்கவும் எனக்கு வாய் வரலை மாமா. வேணாம்னு சொல்லவும் வாய் வரலை.” அந்த வீட்டில் அன்று பேசிய எல்லோரிலும் உண்மை பேசியது அவன் ஒருவன்தான்.

மறுநாள் புதன்கிழமை, காலையிலேயே கல்லணை வழியாகத் திருச்சி போனோம். தங்கை, அவள், நான். மருத்துவமனையில் மூன்றாவது மாடி நடையில் ஒரு பெஞ்சு. தங்கை இட்லி வாங்கக் கீழே போனாள். அப்போதுதான் என்னால் சொல்ல முடிந்தது.

“அன்னிக்குக் கோயில்ல மத்தப் பொட்டலத்தப் பிரிச்சுப் பார்த்தேன்.”

“தெரியும் மாமா.”

“அதுலயும் செவப்புதான் இருந்துச்சு.”

“அதுவும் தெரியும். கட்டினதே நான்தானே.” என் பக்கம் திரும்பவில்லை. “காலையில அம்மா ஒரு கை நெறைய செவ்வரளி கொண்டாந்து வச்சுச்சு. ரெண்டாக் கட்டுன்னுச்சு. வெள்ளை எங்கன்னு கேட்டேன். கட்டுடின்னுச்சு. கட்டினேன்.”

“ஏன் கட்டினே?”

“நீங்க பிரிச்சுப் பார்ப்பீங்கன்னுதான். இல்லாத நாட்டு அமாவாசையவே எண்ணிப் பாக்கறவரு, இதப் பாக்காம விட்டுருவீங்களா? நான் சொன்னா, குடுக்க மனசில்லாம அம்மா மேல பழி போடுறான்னு சொல்லுவாங்க. நீங்க சொன்னா நிக்கும். நீங்க கோயிலுக்குப் பின்னாடி போனதப் பார்த்துட்டுத்தான் நின்னேன். வந்தீங்க. செருப்ப மாட்டிக்கிட்டு, மழை வர்ற மாதிரி இருக்குன்னு சொன்னீங்க.”

சொல்லியிருந்தேன்.

“இப்ப சொல்லிடறேன்மா. உங்கம்மா வரட்டும், நேராவே கேக்கறேன். டாக்டர்கிட்டயும்…”

“வேணாம் மாமா. பன்னெண்டு நாளு ஆச்சு.” எதிரே இருந்த கதவைக் காட்டினாள். “உள்ள என்னைய மட்டும்தான் கூப்பிடுவாங்களாம். அம்மா வரக்கூடாதாம், நீங்களும் வரக்கூடாதாம். கதவ சாத்திருவாங்களாம். தனியா உக்கார வச்சு என்னைய இதுவரைக்கும் யாரும் எதையும் கேட்டதில்ல.”

11.20க்கு அழைத்தார்கள். கதவைச் சாத்தினார்கள். 11.52க்கு வெளியே வந்தாள். தங்கை பாய்ந்து போய்க் கேட்டாள்.

“பாசம்னு சொன்னியா?”

“சொன்னேன்.”

“சிரிச்சியா?”

“நல்லாச் சிரிச்சேம்மா.”

ஐந்து நாள் கழித்து, திங்கட்கிழமை, மருத்துவமனைக் கடிதம் வந்தது. ஒரே வாக்கியம். கொடையாளர் மருத்துவக் காரணங்களால் தகுதியற்றவர். என்ன காரணம் என்று இல்லை.

தங்கை கடிதத்தை மடித்துக்கூட வைக்கவில்லை. “அதுக்குக்கூட ஆகலையே இவ” என்றாள். பதினான்கு வருடமாக ஒவ்வொரு நாளும் உள்ளே அரைத்து வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் வெளியே வந்து விழுந்தது. அன்று மாலையே பால் நின்றது. இரவுச் சாப்பாட்டுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. காலில் குங்குமம் வைக்க வந்தவள் தெருக்குழாயடியில், எந்நேரமும் போனை வைத்துக்கொண்டு குந்தியிருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழுகாமல் என்ன செய்யும் என்று சொன்னதை நானே கேட்டேன். சிங்கப்பூரிலிருந்து தெய்வத்துக்குப் போன் வரவில்லை. அவன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவும் இல்லை. மூத்தவன் மனைவியை அப்போதும் யாரும் கேட்கவில்லை. எவ்வளவு சீக்கிரம் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தேன். பிறகு இரண்டு வாரம் நான் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அது ஒரு பெரிய கண்டனம் ஒன்றுமில்லை. குடிக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

புரட்டாசி முதல் வாரம் அவள் கிளம்பிவிட்டாள். தஞ்சாவூரில் ஒரு தையல் கடையில் வேலை. பின்னால் இன்னும் இரண்டு பெண்களோடு ஒரு அறை. இயந்திரத்தை ஆட்டோவில் ஏற்ற நான் போயிருந்தேன். ஆனால் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ் அறைக்கு வெளியே அவள்தான் வந்து உட்கார்ந்திருக்கிறாள். மூத்தவன் இப்போது, இறந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் வரிசையில் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறான். “அவமேல எனக்குக் கோவம் வந்துச்சு மாமா, பொய் சொல்லலை. அப்புறம் போயிருச்சு” என்றான்.

ஒரு சனிக்கிழமை அவளிடம் கேட்டேன், கடைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு எதற்கு இப்படி வருகிறாய் என்று.

“எங்கண்ணன் மாமா. பாசம் இல்லைன்னு யாரு சொன்னா?”

நாற்பத்திரண்டாவது அத்தியாயம் இன்னும் வரவில்லை. வாசகர்கள் திட்டுகிறார்களாம்.

புரட்டாசி கடைசியில் தற்செயலாக ஒரு செய்தி கேட்டேன். மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பழைய நண்பர் சொன்னார்: தனியறை விசாரணையில் கொடையாளர் மனமில்லை என்று சொல்லிவிட்டால், மருத்துவர்கள் அதை வீட்டாரிடம் சொல்வதில்லை. உடம்பு தகுதியில்லை என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுவார்கள். இல்லாவிட்டால், வீட்டுக்குத் திரும்பிப் போகவேண்டியவர்களை வீட்டார் உயிரோடு வைக்கமாட்டார்கள் என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். எல்லா இடத்திலும் அப்படிச் செய்கிறார்களா என்று கேட்டேன். அது தெரியாது என்றார்.

அடுத்த வாரமே கோப்பின் மூலங்களைத் திரும்ப வாங்கும் சாக்கில் திருச்சிக்குப் போனேன். கோப்பைப் பாராட்டிய அதே பெண்மணி. என்ன காரணத்தால் நிராகரித்தார்கள் என்று கேட்டேன்.

“நீங்க கொடையாளருக்கு என்ன வேணுங்க சார்?”

“தாய்மாமன்.”

“யாரா இருந்தாலும் சொல்றதுக்கில்லைங்க சார். அவங்களே வந்து கேட்டா சொல்லுவோம்.” கோப்பை எடுத்து மேசைமேல் வைத்து, “அவங்க அனுப்பினாங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். கோப்பை என் பக்கம் தள்ளினார்.

என்னிடம் உள்ள நகல்களில் ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம், எனக்குப் புரிந்த அளவில், சரியாக இருக்கின்றன. ஆனால் கடைசியாக எடுத்த ஒரு பரிசோதனையின் முடிவு மருத்துவமனையிலேயே இருக்கிறது. அதில் ஏதாவது கண்டிருக்கலாம். கண்டிராமலும் இருக்கலாம்.

ஐப்பசி ஆறாம் தேதி, இதை எழுதும் இன்று வரை நிலை இது. அன்று 11.20க்கும் 11.52க்கும் இடையில் அந்த அறையில் அவள் சம்மதம் என்று சொன்னாளா, மறுத்தாளா என்பது எனக்குத் தெரியாது. கடிதத்தில் இருக்கும் காரணம் அவள் உடம்பில் கண்டதா, அவளை வீட்டாரிடமிருந்து காப்பதற்காக எழுதியதா என்பதும் தெரியாது. இரண்டும் சரிபார்க்கப்படவில்லை. சரிபார்க்கக்கூடிய ஒரே ஆளிடம் நான் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை.